சீசன் டிக்கெட்டுகளுக்குப் பொட்டு வைத்த காலை

சீசன் டிக்கெட்டுக்கு என் சித்தி கொடுத்த மரியாதையை வேறு யாரும் கொடுத்து நான் பார்த்ததில்லை. பொன்னேரியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருந்துகொண்டு, கும்மிடிப்பூண்டியில் ஒரு ஒயர் கம்பெனிக்கு எட்டு வருஷமாக ரயிலில் போய்வந்துகொண்டிருந்தாள். நீல பிளாஸ்டிக் உறைக்குள் அந்தச் சின்னக் காகிதம் இருக்கும். காலையில் தலை வாருகிறாளோ இல்லையோ, உறையைத் திறந்து தேதியைப் பார்க்காமல் செருப்பைப் போடமாட்டாள். தன்னுடையதைப் பார்ப்பதோடு விட்டாளா என்றால் அதுவும் இல்லை. லேடீஸ் பெட்டியில் ஏறியதும் தெரிந்த முகங்களையெல்லாம் பிடித்துக்கொள்வாள்.

"இன்னாடி, சீசன் இருக்குதா? தேதி பாத்துக்கினியா?"

அவளுக்குப் பயந்தே அந்தப் பெட்டியில் பலர் முடிகிற தேதிக்கு முன்பே கவுண்டருக்குப் போய்விடுவார்கள். எனக்கு அது பெரிய அதிகாரமாகத் தெரிந்தது. பெரியவளானதும் நானும் ஒரு சீசன் வாங்கி, இப்படி நாலு பேரை அதட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது காலாண்டு லீவில் ஆயுத பூஜை வந்தது. அதற்கு முந்தின நாள் கம்பெனியில் பூஜை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அரை டிக்கெட் ஒன்று எடுத்துச் சித்தி என்னையும் கிளப்பிவிட்டாள். எனக்குக் கம்பெனி பூஜையைவிட ரயில் பூஜையின் மேல்தான் கண். மூன்று நாள் லீவு தொடங்குவதற்கு முந்தின காலையில், தாங்கள் தினமும் ஏறுகிற பெட்டிக்குப் பூஜை போடுவது அந்தப் பெண்களின் வழக்கம். மீஞ்சூர் வருவதற்குள்ளேயே ஜன்னல் கம்பிகளில் சாமந்திச் சரமும் மாவிலையும் ஏறிவிடும். பொன்னேரியில் ஏறுகிறவர்கள் சுண்டலும் பொரியும் கொண்டு போக வேண்டும். கற்பூரம் மட்டும் கிடையாது. ரயிலில் நெருப்பு கூடாது என்று சித்தி ஒரே பிடிவாதமாக இருந்ததால், சாமி படத்துக்கு முன்னால் பேட்டரி விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது.

கம்பெனி மிஷினுக்குக் கம்பெனியில் பூஜை நடக்கும். ரயிலில் எதை வைத்துக் கும்பிடுவது? தங்களை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற சீசனைத்தான். எல்லாரும் அவரவர் சீசனை எடுத்து ஒரு பெரிய தட்டில் வைத்தார்கள். கழுத்தில் சிலுவை போட்ட ஒரு அக்காவும் வைத்தாள். "என்னுதுக்கும் பொட்டு வை பாப்பா. நானுந்தான வேலைக்குப் போறேன்" என்றாள். மொத்தம் இருபத்தோரு சீசன். சந்தனம் குங்குமம் வைக்கிற வேலை எனக்குக் கிடைத்தது.

தட்டில் கடைசியாகச் சீசனை வைத்தவள் அத்திப்பட்டிலிருந்து வருகிற ஒரு புது அக்கா. கல்யாணமாகி ஆறு மாதம். வேலையில் சேர்ந்து அப்போதுதான் ஒரு மாதம் ஆகியிருந்தது. அவள் வேலைக்குப் போவதில் மாமியார் வீட்டில் யாருக்கும் இஷ்டமில்லை. "போய்ப் பாரு. வெளியே எதனா பேஜாருன்னு என் காதுல வியுந்தா அன்னிக்கே நின்னுடணும்" என்று மாமியார் சொல்லித்தான் அனுப்பியிருந்தாராம். பெட்டியில் எல்லாருக்கும் இது தெரியும், பொரி தின்றுகொண்டிருந்த எனக்கும் தெரிந்துவிட்டது.

நான் என் வேலையை ஆரம்பித்தேன். பிளாஸ்டிக் உறையில் சந்தனம் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. சாமி காரியத்தை அரைகுறையாகச் செய்யக்கூடாது என்று நினைத்து, இருபத்தோரு காகிதத்தையும் உறையிலிருந்து உருவி, நடுவில் பட்டையாகச் சந்தனம் தீற்றி, அதன்மேல் குங்குமம் வைத்தேன். நடுவில்தான் தேதி அச்சாகியிருந்தது என்பதை நான் கவனிக்கவில்லை. சித்தியுடையதற்கு மட்டும் எல்லாவற்றையும்விடப் பெரிய பொட்டாக வைத்து, ஒரு சாமந்தி இதழையும் ஒட்டினேன். சித்தி சுண்டல் பங்குபோடுவதில் மும்முரமாக இருந்ததால் இதையெல்லாம் பார்க்கவில்லை.

பார்த்தபோது கும்மிடிப்பூண்டி வந்துவிட்டது. "அடிப்பாவி, இன்னா பண்ணி வெச்சிக்கிற" என்றவள், இறங்கிப் பிரித்துக்கொள்ளலாம் என்று தட்டைத் தூக்கிக்கொண்டாள். இருபத்தோரு பேரும் நானும் இறங்கினோம். எங்களுக்கு நேரெதிரே கறுப்புக் கோட்டு போட்ட ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். லீவு நேரம் என்பதால் பிளாட்பாரத்திலேயே டிக்கெட் செக்கிங்.

அவர் தட்டைப் பார்த்தார். "ஏம்மா, டிக்கெட் கேட்டா பிரசாதம் நீட்டுறீங்க?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆனால் வேலையை விடவில்லை. கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு பொட்டாகத் துடைத்துத் தேதியைப் பார்க்கத் தொடங்கினார். முதல் மூன்றும் சரியாக இருந்தன. நாலாவதைத் துடைத்ததும் அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது.

"இது நேத்தோட முடிஞ்சிருக்கு. யாருது?"

வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. புது அக்காவைப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை, வாய் மட்டும் லேசாகத் திறந்திருந்தது. கோட்டைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"என்னுதுதான் மேடம்" என்றாள் சித்தி. "மூணு நாள் லீவு வருதே, இப்ப எடுத்தா வீணாப்பூடும், லீவு முடிஞ்சி எடுத்துக்கலாம்னு உட்டுட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சித்தியுடையது சாமந்தி இதழோடு தட்டில் என் கண்ணெதிரே கிடக்கிறது. பாவம், அவசரத்தில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. நான் காப்பாற்றாவிட்டால் வேறு யார் காப்பாற்றுவார்கள்?

"சித்தி, உன்னுது அது இல்ல. உன்னுது..."

முழங்கைக்கு மேலே ஒரு கிள்ளு விழுந்தது. அப்படி ஒரு கிள்ளை அதற்கு முன்னும் பின்னும் நான் வாங்கியதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பாப்பா இன்னா சொல்லுது?" என்றார் அந்த அம்மா.

"எல்லாத்தையும் உறையிலேர்ந்து உருவினதே இவதான் மேடம். இப்ப எது யாருதுன்னு இவளுக்கே தெரியல" என்று சித்தி சிரித்தபடியே சொன்னாள். அந்த அம்மா என்னையும் சித்தியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அபராத ரசீதுப் புத்தகத்தைத் திறந்து சித்தியின் பெயரை எழுதினார். மிச்சம் இருபதும் சரியாக இருந்தன. அவரவர் சீசனை அவரவர் பொறுக்கிக்கொண்டார்கள். கடைசியில் சாமந்தி இதழ் ஒட்டிய சீசன் மட்டும் தட்டில் தனியாகக் கிடந்தது. புது அக்கா அதை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள், சித்தியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மீஞ்சூர் அக்கா ஒருத்தி மட்டும் சும்மா இருக்கவில்லை. "தினம் எங்கள உலுக்கி எடுப்பியே. உன் லட்சணம் இவ்ளோதானா?" என்றாள். பிளாட்பாரமே சிரித்தது. சித்தியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பெனியில் கொடுத்த லட்டை நான் வீம்புக்குத் தின்னாமல் வைத்திருந்தேன்.

சாயங்காலம் பொன்னேரி ஸ்டேஷனிலிருந்து நடக்கும்போதுதான் வாயைத் திறந்தேன். திரும்பும் வழியில் புது அக்கா சித்தியின் சீசனைத் திருப்பிக் கொடுத்ததைப் பார்த்திருந்தேன். என் கோபம் இப்போது அவள் மேல் திரும்பியிருந்தது.

"அது அந்த அக்காவோடதுதான? அவங்க ஏன் பேசாம நின்னாங்க? உன்னத்தான எல்லாரும் சிரிச்சாங்க."

சித்தி கிள்ளிய இடத்தைத் தடவிக்கொடுத்தாள்.

"என்ன இருபது பேருக்கு எட்டு வருசமாத் தெரியும் பாப்பா. நான் ஒரு நாள் தப்பு பண்ணா, தோ, இன்னிக்குத் தப்பு பண்ணிட்டான்னு சிரிச்சிட்டுப் போயிடுவாங்க. அவள இன்னும் யாருக்கும் தெரியாது. அவளுக்கு அதுவே பேரா நின்னுடும்."

எனக்குப் பாதிதான் புரிந்தது. நிறையப் பேருக்கு நம்மைத் தெரிந்திருந்தால் பொய் சொன்னாலும் ஒன்றும் ஆகாது என்று எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் திறந்ததும் அதைச் சோதித்துப் பார்த்து டீச்சரிடம் அடியும் வாங்கினேன்.

லீவு முடிந்த பிறகு சித்தி பெட்டியில் யாரிடமும் தேதி கேட்கவில்லை. கேட்க வாயெடுத்தாலே, "மொதல்ல உன்னுது காட்டு" என்று நாலு பக்கமிருந்தும் குரல் வந்ததாம். இதை வீட்டில் அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அத்திப்பட்டு அக்கா வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். சித்தி பக்கத்தில் இடம் பிடித்து வைப்பதாகக் கேள்விப்பட்டேன், ஆனாலும் அவளை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது நானும் அதே தடத்தில் வேலைக்குப் போகிறேன். என் பெட்டியில் என்னை நம்புகிறவர்கள் ஏழெட்டுப் பேர் தேறுவார்கள். அதற்கே எனக்கு ஐந்து வருஷம் ஆயிற்று. ஒரு மாதமே பழகிய பெண்ணுக்காக அந்த ஏழெட்டுப் பேர் முன்னால் "என்னுதுதான்" என்று என்னால் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. அன்று சித்திக்குச் செலவானது அபராதம் மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன்.