கழற்றி மாட்டும் குழாய்கள்

முதலியார்பேட்டையில் நான் வழக்கமாகப் போகும் ஹார்டுவேர் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் யூனியன் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவார். யூனியன் என்பது இரண்டு பிவிசி குழாய்களைச் சேர்க்கிற துண்டு. நடுவில் மரை இருக்கும். கையால் திருகினால் குழாய் இரண்டாகக் கழன்றுவிடும். வீடு கட்டுகிறவர்கள் மோட்டார் பக்கத்தில் ஒன்று வைப்பார்கள், அதோடு சரி. நான் ஒரு மீன் தொட்டிக்கு ஒன்பது வாங்கினேன்.

"ஒன்பது எதுக்கு சார்? மோட்டாருக்கு ஒண்ணு, வால்வுக்கு ஒண்ணு போதும். மத்ததெல்லாம் சொல்யூஷன் போட்டு ஒட்டிடுங்க. மரை இருக்கற எடமெல்லாம் ஒழுகும்."

"நான் வெளிநாடு போறவன். சட்டுனு கழட்டிக் குடுத்துட்டுப் போற மாதிரி இருக்கணும்."

"எப்ப சார் போறீங்க?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் கல்யாணம், காதுகுத்து எதற்கும் போகாமலிருந்தேன். புதுச்சேரியில் பிரெஞ்சு நேஷனாலிட்டி வீட்டில் பெண் எடுத்தவனைப் பார்த்தால் யாரும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. இன்னும் போகலையா என்றுதான் கேட்பார்கள்.

இது நடந்தது இரண்டாயிரத்து நான்கிலோ ஐந்திலோ. என் மாமனார் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். கல்யாணமான எட்டாவது மாதம் என் மனைவி பாரிசுக்குப் பக்கத்தில் இருந்த அவளுடைய அக்கா வீட்டுக்குப் போனாள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. தனியாக ஒரு வீடு பார்த்து, அந்த வீட்டுப் பேப்பரை அவள் அனுப்பினால் நான் விசாவுக்கு எழுதிப் போடலாம். அந்த ஒரு பேப்பர்தான் பாக்கி என்று முதல் வருடம் எல்லோரிடமும் சொன்னேன். மூன்றாவது வருடமும் அதையேதான் சொன்னேன். நான் வேலை பார்த்த கல்லூரியில், லேபில் என்னோடு இருந்தவர்கள் இலவு காத்த கிளி என்று என் காதுபடவே பேசினார்கள். அவர்கள் சொன்னது தப்பில்லை. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

மூலக்குளத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தேன். போகப் போகிறவன் என்பதால் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. நாள்காட்டி ஜன்னல் கம்பியில் தொங்கியது. அலமாரி வாங்கவில்லை, பெட்டியிலிருந்தே சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அவள் போன் செய்வாள். அதை விட்டால் அந்த வீட்டில் பேச்சுக்குரல் கிடையாது. என்னைத் தவிர உயிரோடு ஏதாவது அசைந்தால் தேவலை என்று தோன்றியது. நாலடித் தொட்டி ஒன்றும் இரண்டு ஆஸ்கார் மீன்களும் வாங்கினேன். வாஸ்துவுக்கா என்று வீட்டுக்காரர் கேட்டார். வாஸ்து பார்த்து வளர்க்கிறவனுக்கு மீன் மேல் என்ன அக்கறை இருக்கப்போகிறது? ஆஸ்கார் முகம் பார்க்கிற மீன். கதவைத் திறந்ததும் கண்ணாடி ஓரமாக வந்து நிற்கும்.

ஆனால் அது தின்பதும் கழிவதும் கொஞ்சநஞ்சமில்லை. மேல் தொட்டியிலிருந்து தண்ணீர் தானாக வழிந்து கீழே ஒரு வடிகட்டித் தொட்டிக்குப் போய், மோட்டார் வழியாகத் திரும்ப மேலே ஏறவேண்டும். வேலைமெனக்கெட்டு நானே படம் போட்டு, ஏறுகிற குழாயையும் இறங்குகிற குழாயையும் ஒரே முக்கால் இஞ்சில் வைத்தேன். மோட்டார் தள்ளுகிற வேகத்துக்கு, தன் கனத்தில் மட்டும் இறங்குகிற தண்ணீர் ஈடுகொடுக்குமா? தொட்டி நிரம்பி வழிந்து கீழ்வீட்டுக் கூரை ஈரமானது. அதன்பிறகுதான் இறக்கத்துக்கு ஒரு இஞ்ச் வாங்கினேன். கண்ணாடித் துளையில் மாட்டப் பித்தளை நிப்பிள்தான் ஆயுசுக்கும் வரும் என்று கடைக்காரர் வற்புறுத்தினார். பித்தளையில் இருக்கும் செம்பு தண்ணீரில் இறங்கினால் மீனுக்கு ஆகாது என்பது எனக்குத் தெரியும். லேப் வேலையால் வந்த ஒரே பயன். பிளாஸ்டிக்கே போதும் என்றேன்.

யூனியன் விஷயத்தில் மட்டும் அவர் சொன்னதே நடந்தது. ஒன்பதும் முறை வைத்துக்கொண்டு ஒழுகின. டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கினால் ஒன்று நிற்கும், இன்னொன்று ஆரம்பிக்கும். ஒவ்வொன்றின் கீழும் ஒரு கிண்ணம் வைத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கிண்ணங்களைக் கொட்டுவது, துடைப்பது, இறுக்குவது. திட்டிக்கொண்டேதான் செய்வேன். அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று இப்போது யோசித்தால் பயமாக இருக்கிறது.

நான்காவது வருடம் ஆகஸ்ட் லீவில் மூன்று வாரத்துக்கு அவள் வந்தாள். பேப்பரைக் கையோடு கொண்டுவருவாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. சாக்லெட் கொண்டுவந்தாள், சென்ட் கொண்டுவந்தாள், எனக்கு ஒரு சைஸ் பெரிதாக இரண்டு சட்டை கொண்டுவந்தாள். தினம் ஒரு சொந்தக்காரர் வீட்டில் விருந்து. பேப்பர் பற்றி அவள் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

கடைசி வாரம் ஒரு காலையில் தரையைத் துடைக்கும்போது தொட்டிக்கு அடியில் கை விட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டாள். குனிந்து பார்த்தாள்.

"என்னங்க இது, எண்ணி ஒன்பது கிண்ணம் வச்சிருக்கீங்க?"

மரை இருப்பதால் ஒழுகுகிறது என்றேன். ஏன் அத்தனை மரை என்று கேட்டாள். பேப்பர் வந்ததும் ஒரே நாளில் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கிளம்புவதற்காக என்றேன். நான்கு வருடத்தில் அதை அவளிடம் நேராகச் சொன்னது அதுதான் முதல்முறை.

அவள் ஈரத் துணியைக் கிண்ணத்தில் பிழிந்தாள். பிறகு, "ஒட்டிடுங்க" என்றாள்.

"ஒட்டினா கழட்ட முடியாது. அறுத்துதான் எடுக்கணும்."

"தெரியும். ஒட்டிடுங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் திட்ட வசதியாக இருந்திருக்கும். அன்று கல்லூரிக்குப் போகாமல் கடைக்குப் போய்ச் சொல்யூஷனும் மரையில்லாத சாதாரணக் கப்ளிங்குகளும் வாங்கிவந்தேன். தண்ணீரைப் பாதிக்கு இறைத்து, யூனியன்களைக் குழாயில் ஒட்டியிருந்த முனைகளோடு அறுத்தெடுத்தேன். சொல்யூஷன் தடவிக் குழாயைச் செருகிக் கால் திருப்புத் திருப்பி, அரை நிமிடம் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் குழாய் தானாக வெளியே தள்ளிக்கொண்டு வரும். நான் இந்தப் பக்கம் பிடித்தேன். அவளாகவே வந்து அந்தப் பக்கம் பிடித்தாள். மூன்று வாரத்தில் அவ்வளவு பக்கத்தில் நாங்கள் உட்காரவில்லை. எட்டு ஒட்டினோம்.

ஒன்பதாவதைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"அங்க யாராவது இருக்காங்களா?"

"சே. யாரும் இல்லைங்க" என்றாள். பொய் சொல்கிறவள் இல்லை. "தனியா இருந்து பழகிடுச்சி. இப்ப யாராவது கூட இருந்தா எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது."

எனக்குப் பழகவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அரை நிமிடம் ஆகிவிட்டிருந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.