அப்பாவுக்காக நான் அழுத்திய பொத்தான்

என் தந்தையின் வாக்கை நான் திருடினேன். வாக்களிப்பின் அறத்தைப் பற்றிக் காலமெல்லாம் எழுதியும் பேசியும் வரும் தத்துவப் பேராசிரியன் நான். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்... நான் தடுக்க மாட்டேன்.

மலையாள நாட்டில், மட்டாஞ்சேரியில் தமிழர்கள் நிறைந்த ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா மாநகராட்சியில் துப்புரவுப் பணி செய்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோயில் பார்வை முழுவதும் போய்விட்டது. பார்வையற்றவர் வாக்குச்சாவடிக்குள் ஒரு துணையை அழைத்துப்போகலாம். அவர் சொல்லும் சின்னத்தில் துணை அழுத்த வேண்டும். சென்ற மாநகராட்சித் தேர்தலில் அந்தத் துணை நான்.

எங்கள் வார்டில் கவுன்சிலர் ஷீலா மறுபடியும் நின்றார். அவருடைய கட்சி ஊரை ஆண்ட லட்சணம் எனக்குப் பொறுக்கவில்லை. நன்றிக்காகப் போடுவது வாக்கல்ல, பொதுநலனே அளவுகோல் என்று வகுப்பில் சொல்வதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"கட்சியெ நீ நோக்கிக்கோ. உங்கம்மை கிடப்பிலானப்போ ஆம்புலன்சு பிடிச்சு கூடவே வந்து நின்னவ அவ. என் வோட்டு அவளுக்குத்தான், மோனே."

சொன்னபடியே அழுத்துவேன், யாரிடமும் வெளியிட மாட்டேன் என்று சாவடியில் உறுதி கொடுத்தேன். அட்டை மறைப்புக்குப் பின்னால், என் முழங்கையைப் பிடித்தபடி அப்பா சின்னத்தின் பெயரை மெதுவாகச் சொன்னார். என் விரல் வேறொரு சின்னத்துக்குப் போனது. இயந்திரத்தின் நீண்ட ஒலி கேட்டதும் அவர் நிம்மதியாகத் தலையசைத்தார்.

ஏன் செய்தேன்? தவறான வாக்கு பிறரையும் பாதிக்கும், அதைத் தடுப்பது குற்றமாகாது என்று அந்தக் கணத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்! தெரு பெருக்கிய மனிதருக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்ற திமிர்தான் அது. அவர் சம்பளத்தில் படித்து வந்த திமிர்.

ஷீலா தோற்றார். என் ஒரு பொத்தானால் அல்ல, வித்தியாசம் பெரியது. ஒற்றை வாக்கு முடிவை மாற்றுவதில்லை என்று மாணவர்களுக்குச் சொல்பவன்தானே நான்? சில நாள் அதிலேயே சமாதானமாக இருந்தேன்.

பிறகு, தமிழர் சந்துதான் ஷீலாவின் காலை வாரிவிட்டது என்று பேச்சு கிளம்பியது. அது அப்பாவின் காதுக்கு எட்டியது. அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஷீலாவின் வீட்டுக்கு அழைத்துப்போகச் சொன்னார். மறுக்க எனக்கு ஒரு சாக்கும் அகப்படவில்லை.

ஷீலா சாயா கொடுத்தார். போனது போகட்டும் என்று மலையாளத்தில் தேற்றினார். அப்பா விடவில்லை.

"மத்தவங்க காரியம் எனக்கறியாது. என் வோட்டு உனக்குத்தான் விழுந்தது, மோளே. குத்தினது இவன். கேட்டுக்கோ."

ஷீலா என்னைப் பார்த்தார். அப்பாவின் முகமும் என் பக்கம் திரும்பியிருந்தது.

"ஆமா, சேச்சி" என்றேன்.

ஷீலாவின் கண்கள் கலங்கின. அப்பாவின் கையை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். நான் சாயாவைக் குடித்து முடித்தேன்.

திரும்பும் வழியில் அப்பா சொன்னார்: "நீ கூட வந்தது நன்னாச்சு. நான் மட்டும் சொன்னா அவ விசுவசிக்க மாட்டா. நீ படிச்சவனாச்சே."

அப்பா இன்னும் இருக்கிறார். பக்கத்து அறையில்தான். ஆனாலும் உங்களிடம் சொல்கிறேன், அவரிடம் அல்ல. சொன்னால் என்னை மன்னித்துவிடுவார் என்று தெரியும். மன்னித்த கையோடு, தன் வாக்கு விழவில்லை என்று ஷீலாவிடம் சொல்ல மறுபடியும் கிளம்பி நிற்பார். கைபிடித்து அழைத்துப்போக வேண்டியவன் நான்தான்... அதற்கு எனக்குத் துணிவில்லை.