சத்தம் வராத மணி

நான் பதினோரு வருடம் வேலை பார்த்த இடத்தில் யாரும் யாரோடும் வாய் திறந்து பேசுவதில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பைச் சிவக்கக் காய்ச்சி ஹேமரில் அடித்து வண்டிகளுக்குப் பாகம் செய்யும் கம்பெனி. ஹேமர் விழுந்தால் பல்லெல்லாம் அதிரும். அதனால் எல்லாமே கைதான். இரண்டு விரலை மடக்கினால் டீ. உள்ளங்கையைப் புரட்டினால், இரும்புக்கு வடிவம் கொடுக்கும் டையை மாற்ற வேண்டும். கழுத்தில் கை வைத்தால் நிறுத்து. புதிதாக வருபவர்கள் ஒரு வாரம் கத்திப் பார்ப்பார்கள். பிறகு தொண்டை கட்டிக்கொண்டு அவர்களும் கைக்கு வந்துவிடுவார்கள்.

காதை அடைக்க ஒரு ரப்பர் தக்கை கொடுப்பார்கள். வேர்வையில் வழுக்கி விழும். பாதி நாள் நான் அதைப் போட்டதே இல்லை. அதனால் யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது.

முதலில் போனது குக்கர் விசில். அடுத்தது என் மகளின் குரல். அவள் வாய் அசையும், ஏதோ கேட்கிறாள் என்று தெரியும், என்ன கேட்கிறாள் என்று மட்டும் தெரியாது. எதற்கும் நான் சரி சரி என்று தலையாட்டுவேன். அந்தச் சரி எனக்கு மெல்ல மெல்ல பழக்கமாகிவிட்டது. மனைவி சொன்னாலும் சரி, பாஸ்டர் சொன்னாலும் சரி, மளிகைக்கடைக்காரர் சொன்னாலும் சரி. எல்லோரும் என்னை ரொம்பப் பொறுமையான மனுஷன் என்று நினைத்தார்கள்.

கம்பெனிக்கு வருடத்துக்கு ஒரு முறை காது டெஸ்ட் வேன் வரும். ஹெட்போனில் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு பட்டனை அமுக்க வேண்டும். டெஸ்டில் தேறாத கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஹேமர் பக்கம் வேலை கிடையாது. கான்ட்ராக்டரிடம் வேறு வேலையும் கிடையாது. ஆகவே நாங்கள் எல்லோரும் தேறினோம். வேனிலிருந்து இறங்குகிறவன் அடுத்து ஏறுகிறவனிடம் சொல்லிவிடுவான்: "முதல்ல வலது காது. மூணு எண்ணிக்கினு பட்டனை அமுத்து. அப்பால டெஸ்ட் எடுக்குற பொண்ணு கைய மேஜைல வெக்கும்போதெல்லாம் அமுத்து." நானும் எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வினை வந்தது பதவி உயர்வு மாதிரி. என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று, ஹேமரை ஒட்டியிருந்த கண்ணாடி கேபினில் என்னை உட்கார வைத்தார்கள். அங்கே ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன். ஹேமரில் கோளாறு என்றால் நான் மெயின்டனன்ஸ் ஆபீசுக்குப் போன் போட வேண்டும். அங்கே என்ட்ரி போடும் அக்கா ஒருத்தர்தான் எடுப்பார். அவர் திருப்பிக் கேட்கும் கேள்வி எதுவும் எனக்குப் புரியாது. "சரிக்கா, சரிக்கா" என்பேன். ஒரு நாள் இரண்டாம் ஹேமருக்கு வர வேண்டிய ஆட்கள் மூன்றாம் ஹேமரில் போய் நின்றார்கள். அரை ஷிப்ட் வீணாயிற்று. அன்று தப்பித்தேன். இன்னொரு முறை தப்ப முடியாது என்று எனக்கே தெரிந்தது.

பேசாமல் சேதி அனுப்ப ஒரு வழி வேண்டும். அதற்காகத்தான் நான் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். ஆர்வம், முன்னேற்றம் என்றெல்லாம் பிறகு பலர் சொன்னார்கள். பயம்தான்.

பொன்னேரியில் ரயில் ஏறினால் கும்மிடிப்பூண்டி வரும்வரை நின்றுகொண்டே போனில் பைத்தான் பாட வீடியோ பார்ப்பேன். கீழே ஓடும் எழுத்தைப் படித்துத்தான் பாடம். மச்சினன் கழித்துப் போட்ட லேப்டாப் ஒன்று வீட்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியும் மகளும் சர்ச்சுக்குப் போனதும் அதைத் திறப்பேன். எனக்குத் தலைவலி என்று பாஸ்டரிடம் சொல்லச் சொல்லியிருந்தேன்.

முதல் மாதம் ஒரு சாம்பல் நிற விண்டோ மட்டும் வந்தது. அதில் ஒரு பட்டன். அமுக்கினால் "வணக்கம்" என்று எழுத்து வரும். அதை எத்தனை தடவை அமுக்கினேனோ தெரியாது. பிறகு இரண்டு விண்டோ. இதில் எழுதினால் அதில் வர வேண்டும். வரவில்லை. மூன்று ஞாயிறு வரவில்லை. சேதிக்காகக் காத்திருக்கும்போது விண்டோ அப்படியே உறைந்து நின்றுவிடும், மூடவும் முடியாது. காது கொடுத்துக் கேட்கிற நேரத்தில் அதற்கு வேறெதுவும் செய்ய வராதாம். கேட்பதற்குத் தனியாக, காட்டுவதற்குத் தனியாக என்று வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று நாலாவது ஞாயிறு புரிந்தது. அன்று இந்தப் பக்கம் "டை மாத்தணும்" என்று அடித்தேன். அந்தப் பக்கம் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாரம் ஆறு நாள் அடுப்புச் சூட்டில் வெந்தவனுக்குக் கண்ணில் தண்ணீர் மிச்சம் இருந்ததே பெரிது.

கடைசியாக ஒன்று பாக்கி. சேதி வந்தால் மணி அடிக்க வேண்டும், எதிரில் இருப்பவர் பட்டனை அமுக்கும்வரை. மணிக்கான வரியை எழுதினேன். சத்தம் வரவில்லை. வேறு மணிக் கோப்பு போட்டேன், வரவில்லை. சவுண்டை முழுக்க ஏற்றினேன். திரும்பத் திரும்ப அடிக்கச் சொன்னேன். நாலு ஞாயிறு அதோடு மல்லுக்கட்டினேன். சர்ச்சிலிருந்து வந்ததும் மகள் ஓடிவந்து பட்டனை அமுக்குவாள், விளையாட்டு என்று நினைத்துக்கொள்வேன். பழைய லேப்டாப், ஸ்பீக்கர் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். சேதி வந்தால் விண்டோ முழுக்கச் சிவப்பாகும்படி செய்தேன். எனக்கு அது போதும்.

ஐ.டி. ஆளிடம் கெஞ்சி, என் கேபின், மெயின்டனன்ஸ் ஆபீஸ் இரண்டு கம்ப்யூட்டரிலும் அதை ஏற்றினேன். முதல் நாளே மெயின்டனன்ஸ் அக்கா போன் போட்டு ஏதோ சொன்னார். "சரிக்கா" என்றேன். அதற்குப் பிறகு போனே இல்லை. எல்லாம் எழுத்தில்தான். ஐந்து மாதம் ஒரு தவறும் நடக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் நிம்மதியாகச் சோறு தின்றது அந்த ஐந்து மாதம்தான்.

மேனேஜருக்கு விஷயம் போனது. எல்லா செக்‌ஷனிலும் போடலாம், செய்து காட்டச் சொல்லுங்கள் என்றார். ட்ரெயினிங் ரூமில் ஏசி போட்டு, கதவைச் சாத்தி, பத்துப் பன்னிரண்டு பேர். மேனேஜர், சூப்பர்வைசர்கள், எங்கள் கான்ட்ராக்டரின் ஆள், அந்த அக்கா. ஒரு மேஜையில் ஆபீஸ் லேப்டாப், இன்னொன்றில் பெரிய ஸ்பீக்கர் வைத்த கம்ப்யூட்டர். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன். சேதி அடித்தேன். எதிர் விண்டோ சிவந்தது.

எல்லோரும் நிமிர்ந்தார்கள். ஒருவர் முகத்தைச் சுளித்தார். இன்னொருவர் காதைப் பொத்தினார். வியப்பில்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று நினைத்து நான் நிதானமாக விளக்கிக்கொண்டே போனேன்: "இது சர்வர் சார். இது கிளையண்ட். எதிரில் இருக்கிறவங்க பட்டனை அமுக்குற வரைக்கும் சிவப்பாவே இருக்கும்." அதோடு விட்டிருக்கலாம். "ஒரே ஒரு குறை சார். மணிச் சத்தம் மட்டும் வரல. அடுத்த வாரம் சரி பண்ணிடறேன்."

அக்கா எழுந்து வந்து பட்டனை அமுக்கினார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேனேஜர் கன்னத்தில் கையை ஊன்றியபடி ஏதோ கேட்டார். "சரி சார்" என்றேன்.

கேபினுக்குத் திரும்பியபோது விண்டோ சிவந்திருந்தது. அக்கா அடித்திருந்தார்: "தம்பி, உங்களுக்குக் காது கேக்காதான்னு சார் கேட்டாரு. நீங்க சரின்னு சொன்னீங்க. மணி முதல் நாள்லேர்ந்தே அடிக்குது. அன்னிக்கே போன்ல சொன்னேன். அப்புறம் நான்தான் என் பக்கம் சவுண்டைக் குறைச்சு வெச்சேன். மன்னிச்சிடுங்க."

அவர் எதற்கு மன்னிப்புக் கேட்கிறார்? பட்டனை அமுக்கினேன். சிவப்பு போயிற்று.

கான்ட்ராக்டரின் ஆள் வந்து கண்ணாடியைத் தட்டினார். என் முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினார். அவர் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. "நைனா, திங்கக்கெழம உனுக்கு மட்டும் தனியா காது டெஸ்ட்டாம். அதுவரைக்கும் டை ஸ்டோர்ல ஒக்காரு. அப்பால இன்னான்னு நான் சொல்ல முடியாது." இந்த முறை டெஸ்ட் எடுக்கும் பெண்ணின் கை எனக்குத் தெரியாத மாதிரிதான் உட்கார வைப்பார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. எனக்கே தெரியும்.

டை ஸ்டோர் அமைதியான இடம். ஹேமர் பக்கத்தில் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. அங்கே எல்லோருக்கும் கைதான் பேச்சு. ஸ்டோரில் பின்னாலிருந்து கூப்பிடுகிறார்கள். மூன்றாவது தடவை தோளைத் தொடுகிறார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து, என் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு பேசினாள்.

"எனுக்குத் தெரியும்யா. சர்ச்சு முடிஞ்சு வர்றப்போ தெருமுனை வரைக்கும் அந்த மணி கேக்கும். நாலு வாரம். நீ அதுக்குப் பக்கத்துல குந்திக்கினு எழுதிக்கினு இருப்ப. பாப்பாதான் ஓடிப்போய் நிறுத்தும்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னனே. அப்பா, மணி அடிக்குதுப்பான்னு பாப்பாவும் சொல்லிச்சே. நீ சரி சரின்ன."