விழாத பொட்டி

காலை ஆறு இருபது. தேவாரத்தில் நாங்கள் கட்டிய புது வீட்டில் பால் பொங்கி வழிந்த அதே நேரத்தில் விளக்குகள் மொத்தமும் அணைந்தன. பின்கட்டில் வடைக்கு உளுந்து ஆட்டிக்கொண்டிருந்த கிரைண்டரும் முனகி நின்றது.

வாசல் சுவரில் பிரேக்கர் பெட்டி விழுந்திருந்தது. விசை இறங்கி மின்சாரம் நின்றால் ‘விழுந்துருச்சு’ என்பதுதான் எங்கள் பேச்சு. அந்தச் சொல்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

ஏனென்றால் அந்தப் பெட்டி தாய்மாமன் சீர். கட்டைப் பியூஸ் போய் பிரேக்கர் வரத் தொடங்கிய காலம் அது. ஏலக்காய் வியாபாரியான என் மாமா அண்டா, குத்துவிளக்கோடு அதையும் தேனியில் விசாரித்து வாங்கி, முன்கூட்டியே மாட்டியிருந்தார். அன்று அதற்கும் சந்தனம் பூசி மாலை போட்டிருந்தார்கள். “கரண்டு கசிஞ்சு ஆளு மேல பாஞ்சா, இது தானா விழுந்துரும் மாப்ள” என்று, மூன்றாம் வகுப்புப் படித்த என்னிடம் பெருமையடித்தவரும் அவரேதான்.

கிரைண்டர், அத்தை கொடுத்தது. அப்பாவின் அக்கா சும்மா இருப்பாரா?

“பால் பொங்கயில சீர் விழுந்துருச்சே ஆத்தா! நாங்க குடுத்தது மலையாட்டம் நிக்கிது. அவுக குடுத்தது நிக்க மாட்டேங்குதே!”

விசையைத் தூக்கிவிட்டார்கள். கிரைண்டரைப் போட்டதும் மறுபடி விழுந்தது. நிறுத்தி வைத்தால் விழவில்லை. இதற்கு மேல் ஒரு இரும்புப் பெட்டி எப்படித்தான் சொல்லும்? கூடம் நிறையப் பெரியவர்கள். அதில் என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஏன் விழுகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. யார் கொடுத்தது என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

மாமாவின் முகம் கறுத்துவிட்டது. சாப்பிடாமல் போடிக்குப் போய், மதியத்துக்குள் வேறொரு பெட்டியோடு வந்து நின்றார்.

“மதினி, இனி இது செத்தாலும் விழுகாது.”

“அதான் பொட்டி!” என்றார் அத்தை. பழையதன் மாலையைக் கழற்றிப் புதியதற்குப் போட்டார்கள். கிரைண்டர் ஜோராக ஓடியது. மாமா தலை நிமிர்ந்து ஊருக்குக் கிளம்பினார்.

சாயங்காலம் அம்மா ஈரக்கையோடு அந்தக் கிரைண்டரைத் தொட்டாள். கை ஒட்டிக்கொண்டது, வாய் திறந்தும் சத்தம் வரவில்லை. கூடத்து விளக்குகள் கொஞ்சமும் மங்காமல் எரிந்தன. அப்பா பந்தல் கம்பை உருவி வந்து அவள் கையைத் தட்டிவிட்டார்.

இப்போது என் மகள்கள் வளரும் வீட்டுக்குப் பெட்டி வாங்கப் போனேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, “நம்பி வாங்குங்க சார், லேசுல விழாது” என்றார். “விழுமா? அதை மட்டும் சொல்லுங்க!” என்று கத்தினேன். கடையில் இருந்தவர்கள் என்னைப் பைத்தியம் போலப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அன்று உத்தமபாளையம் ஆஸ்பத்திரியில், கையில் கட்டோடு அம்மா கண் விழித்திருந்தாள். அத்தை தலைமாட்டில் உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். கடைசியாக மாமா ஓடிவந்தார். நெற்றியில் காலையில் வைத்த சந்தனம் அப்படியே காய்ந்திருந்தது. அம்மாவைப் பார்த்துவிட்டு என் தோளைப் பிடித்தார்.

“பொட்டி விழுந்துச்சுல்ல மாப்ள?”

அவர் மானத்தை நான்தான் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது. அத்தைக்கும் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னேன்.

“இல்ல மாமா. விழவே இல்ல!”

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நல்ல சேதிதானே சொன்னேன், ஏன் இப்படித் துண்டால் வாயைப் பொத்திக்கொள்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

“விழுந்து தொலஞ்சிருக்கலாமேடா” என்றார்.

அது அத்தை காதில் விழுந்துவிடப்போகிறதே என்று நான் பயந்தேன்.