வசனம் இல்லாத கேள்வி

நாமக்கல் பைபாஸில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை, எட்டு லாரி, இரண்டு போர்வெல் வண்டி, ஒரு கல்யாண மண்டபம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒருவன், கிரீஸும் கையுமாகக் கிடந்து எழுப்பியவை இவை. ஆனால் இதையெல்லாம்விடப் பெரிய காரியம் ஒன்றைப் பத்து வயதிலேயே செய்துவிட்டேன். சேலத்துக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தினேன்.

என் தாய்மாமா அங்கே பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தார். நானோ டூரிங் கொட்டகையில் ஒரே படத்தைப் பதினோரு தடவை பார்த்தவன். பஞ்ச காலத்தில் கதாநாயகன் பண்ணையாரின் களஞ்சியத்தை உடைத்து ஊருக்கே நெல்லை அள்ளிக் கொடுக்கும் கட்டத்தை மூச்சுவிடாமல் நடித்துக் காட்டுவேன்.

"இதைய எங்க காலேஜுல வந்து பண்ணுவியா சாமி?" என்றார் மாமா.

"பண்ணாம என்னங்க மாமா!"

வகுப்பில் என்னை மேசைமேல் ஏற்றிவிட்டார். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கர்ஜித்தேன். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. இறங்கப் போனேன்.

"இரு சாமி, இனிமேத்தான் பாடமே" என்றார் மாமா.

பின் பெஞ்சிலிருந்து ஓர் அண்ணன் எழுந்தார். "ஏனுங்க தலைவரே, வெதநெல்லையும் சேத்தி அள்ளிக் குடுத்துப்போட்டீங்களே. அடுத்த போகத்துக்கு எதைய வெதைப்பீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டில் கூழுக்கு வழியில்லாத நாளிலும் விதை மூட்டையை அம்மா தொடவிட மாட்டாள். அது தெரிந்த நான், பதினோரு தடவையும் எப்படிக் கைதட்டினேன்? படத்தில் இந்தக் கேள்விக்கு வசனம் இல்லை. அதனால் பழைய வசனத்தையே இன்னும் சத்தமாகச் சொன்னேன். சிரித்தார்கள்.

"அப்ப சனம் பசியில சாவட்டுமாய்யா?" என்று இன்னொருவர் எனக்காகப் பாய்ந்தார். வகுப்பே இரண்டாகப் பிரிந்து மல்லுக்கு நின்றது. மாமா யாரையும் அதட்டவில்லை. சாக்பீஸை விரலில் உருட்டிக்கொண்டே நின்றவர், கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு சாமி. நீயா இருந்தாக் குடுப்பியா?"

என் தலைவனைக் காட்டிக்கொடுப்பதா, அம்மாவை எதிர்த்துப் பேசுவதா? மேசைமேல் நின்றபடியே அழுதுவிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "எதுங்க மாமா சரி?"

"எனக்கும் தெரியாது சாமி."

சம்பளம் வாங்கும் வாத்தியாருக்கே விடை தெரியாதாம்! வெளியே தெரிந்தால் மாமாவுக்கு வேலை போய்விடும் என்று பயந்து, வெகு காலம் அதை ஒருவரிடமும் சொல்லாமல் காப்பாற்றினேன்.

இப்போது கல்லூரியில் வேலை பார்க்கும் என் பேத்தி, சினிமாக் காட்சிகளைத் திரையில் போட்டுப் பாடம் நடத்துகிறாளாம். புது முறையாம். அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதுகிறாளாம். எழுதட்டும். திரையும் கரண்டும் இல்லாமல், வெறும் தொண்டையை வைத்து இதைச் செய்தவன் ஒருவன் இருந்தான் என்று அதில் ஒரு வரி வந்தாக வேண்டும். மாமா பெயருக்குப் பக்கத்திலேயே என் பெயரையும் போட வேண்டும். அழுததை மட்டும் எழுத வேண்டியதில்லை.