ஆற்றடி அரசிக்கு என்ன வேண்டும்?

அசாபே தன் வாழ்நாளில் ஒரு கதைகூட எழுதியதில்லை. கானோ நகரின் பழைய மதிலுக்குள், எங்கள் தெருவில், இருபத்திரண்டு வருடமாகக் கடலை அரைத்து எண்ணெய் பிழிகிறாள். பிழிந்த சக்கையில் இஞ்சியும் மிளகாயும் சேர்த்துப் பிசைந்து, வளையமாக உருட்டி, அதே எண்ணெயில் பொரித்து விற்கிறாள். குலிகுலி என்றால் அவளுடையதுதான். மற்றவர்களுடையது பல்லைச் சோதிக்கும். ஆனாலும் ஜின், பறக்கும் குதிரை, பேசும் மரம் என்று மாயக் கதை எழுதும் பெண்கள், அச்சுக்குக் கொடுக்கும் முன் நோட்டை எடுத்துக்கொண்டு அவள் முற்றத்துக்குப் போகிறார்கள். இது தொடங்கிய நாளில் நான் அங்கே இருந்தேன்.

அது தேர்தல் வருடம். அசாபேயின் சக்களத்தி சௌதே, அந்த வீட்டுக்கு வந்து நான்கு வருடமானவள், ஒரு கதையை எழுதி முடித்திருந்தாள். ஆற்றுக்கு அடியில் ஜின்களின் நாடு. அங்கே அரசன் பூமியிலிருந்து ஓர் இளவரசியை மணந்து அழைத்து வருகிறான். மூத்த அரசி கோட்டைக் கதவை அடைத்துவிடுகிறாள். எங்கள் எழுத்து வட்டத்துப் பெண்கள் கேட்டுவிட்டுக் கைதட்டினார்கள். நான் பள்ளியில் பாடம் சொல்பவள் என்பதால் எல்லோரும் மாலமா என்பார்கள்; நோட்டுகளைத் திருத்துவதும் என் வேலை. பிழை குறைவு என்று மட்டும் சொன்னேன். ஏதோ இல்லை என்று தெரிந்தது. என்ன இல்லை என்று தெரியவில்லை.

அச்சகக்காரர் ஒரு நாள் குறித்திருந்தார். அன்று அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்குள் நோட்டு வர வேண்டும். வராவிட்டால் அடுத்த இரண்டு மாதம் தேர்தல் சுவரொட்டிதான். இரண்டு மாதம் காத்திருக்கலாம். ஆனால் அவர்கள் இருவரின் கணவர் கார்பா, ஜவுளி வாங்க எல்லைக்கு அப்பால் மராடி நகருக்குப் புறப்படும்போது சௌதேயிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "போன வருஷமே புத்தகம் வரும்னு சொன்னே. நான் திரும்பும்போது அச்சுக்குப் போயிருக்கலைன்னா, எழுத்தை மூட்டை கட்டி வெச்சுடு." அவர் மறுநாள் திரும்புகிறார்.

லுஹர் என்னும் நண்பகல் தொழுகையை முடித்துவிட்டு நோட்டை வாங்கப் போனேன். சௌதே தன் அறை வாசலில் நின்றாள்.

"நோட்டு என்கிட்ட இல்ல மாலமா" என்று கண்ணால் முற்றத்தைக் காட்டினாள்.

மூன்று கல் அடுப்பில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. முன்னால் முக்காலியில் அசாபே. அவள் மடியில் நோட்டு.

"வாங்க மாலமா, உட்காருங்க. கதை எழுதுறவங்களுக்கு என் முற்றத்துல எப்பவும் இடம் உண்டு. என்னைப் பத்தி எழுதுறவங்களுக்குத்தான் கொஞ்சம் யோசிக்கணும்."

அசாபேக்கு அரபு எழுத்து மட்டும்தான் தெரியும். சௌதே பள்ளிக்கூடத்து ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தாள். அசாபேயின் மகள் லாரபா பள்ளிக்கூடம் போகிறவள் என்பதை மறந்துவிட்டாள். ஒரு வாரமாக, சௌதே மதியம் கண்ணயரும் நேரத்தில், லாரபா முழுக் கதையையும் தாய்க்குப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

"ஆற்றடி அரசிக்கு இடது கால் இழுக்குமாம். உதட்டுக்கு மேல மச்சமாம். பேசறப்போ மெல்லுற கோலாக்கொட்டையை இந்தக் கன்னத்துலேர்ந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளுவாளாம்." அசாபே கோலாக்கொட்டையைத் தள்ளினாள். "ஏண்டி, இந்தத் தெருவுல இப்படி எத்தன அரசிங்க இருக்கோம்?"

"அது கதைக்காகக்கா..."

"சரி, கதையாவே பேசுவோம். கடைசிப் பக்கத்துல இளவரசி உலக்கையால அவ மண்டையைப் பொளக்கறா. இந்தப் பக்கம்தானே?"

கிழித்தாள். தாள் அடுப்புக்குள் போனது. சௌதே ஓடி வந்தாள்.

"அங்கயே நில்லு. எண்ணெய் கொதிக்குது." நோட்டு இப்போது நெருப்புக்கு மேலே அவள் கையில் இருந்தது. அதற்கு நகல் கிடையாது. பிடுங்கலாமா என்று பார்த்தேன். கை தவறினால் நோட்டும் போகும், யாராவது வெந்தும் போவோம்.

"அவ ஏன் கதவை அடைச்சா?" என்றாள் அசாபே.

"அவ பொல்லாதவக்கா."

"காலைல முகம் கழுவும்போது எவளாச்சும் 'இன்னிக்கு நான் பொல்லாதவளா இருக்கப்போறேன்'னு நினைப்பாளா? கையை அசைச்சா ஆறே நிக்குதுன்னு எழுதியிருக்கே. அப்படிப்பட்டவ எதுக்குக் கதவுல காது வெச்சு ஒட்டுக் கேக்கணும்? எல்லாம் முடியும்னா அவளுக்கு என்னடி பயம்? அவளால முடியாதது ஒண்ணாவது இருக்கணும்ல?"

நான் மூன்று வாரமாகத் தேடிக் கிடைக்காதது அதுதான். சொல்லும் நேரம் அதுவல்ல. சுவரின் நிழல் அம்மிக்கல்லைத் தொட்டிருந்தது. அஸருக்கு அதிக நேரமில்லை.

சௌதே மெதுவாகக் கேட்டாள். "உங்களால என்னக்கா முடியலை?"

அசாபேயின் கை இறங்கவில்லை.

"புது அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தவன் சொல்லித்தான் நீ வர்றதே எனக்குத் தெரியும். கல்யாணத்தன்னிக்கு வாசல்ல குறுக்க நின்னேனே, உன்னைத் தடுக்கவா நின்னேன்? அவர் வந்து 'அசாபே, வழி விடு'ன்னு என் மூஞ்சியைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லட்டும்னு நின்னேன். அவர் வரலை. நீதான் வந்தே."

கருகல் வாடை வந்தது. அவள் குலிகுலி கருகி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

"நான் தாகமா இருக்குன்னேன்" என்றாள் சௌதே.

"ஆமா. தண்ணி மொள்ளத் திரும்பினேன், நீ உள்ள போயிட்டே. அப்படித்தான் தோத்தேன்."

"நிஜமாவே தாகம்க்கா."

"தெரியும். மூணு குவளை குடிச்சியே."

சௌதே அடுப்புக்கு இந்தப் பக்கம் மண்ணில் உட்கார்ந்து கையை நீட்டினாள். "நோட்டைக் குடுங்க. கடைசிப் பக்கம் எழுதணும்."

"என்னன்னு?"

"இளவரசி கதவுக்கு வெளிய நின்னு தாகம்னு சொல்றா. அரசி..."

"ஆத்துக்கு அடியில நின்னுகிட்டு எவளுக்குடி தாகம் எடுக்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை.

"ஜின்களோட ஆத்துத் தண்ணி மனுஷங்களுக்கு உப்பு" என்றாள் சௌதே. "அரசி தன் கையால மொண்டு குடுத்தாத்தான் இனிக்கும்."

"இது எப்போ முடிவாச்சு?"

"இப்போதான்."

"அப்போ அது ஏமாத்து. இஞ்சியை மாவுலயே போட்டுப் பிசையணும். பொரிச்சு எடுத்தப்புறம் மேல தூவினா எவ தின்பா? முதல்லயே சொல்லு."

"முதல் அத்தியாயத்துல அவ குழந்தையா ஆத்துல விழறா. அங்க வாயில போன தண்ணி கரிச்சுதுன்னு ஒரு வரி போடறேன்."

அசாபே யோசித்தாள். பிறகு நோட்டைக் கொடுத்தாள். என் பேனாவை நீட்டினேன். சௌதே அந்த ஒரு வரியைச் செருகிவிட்டு, கிழிந்த பக்கத்துக்குப் பதிலாகப் பின்னட்டையின் உள்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். ஒவ்வொரு வரிக்கும் அசாபே "அப்புறம்?" என்றாள்.

"அரசன் கடைசியில வர்றானாக்கா?"

"வரமாட்டான். அதை மாத்தாதே."

அஸர் தொழுகைக்கான பாங்கு ஒலித்தபோது இரண்டு வரி பாக்கி. "போதும், கொடு!" என்று கத்தினேன். எழுதிக்கொண்டே எழுந்து, முற்றுப்புள்ளி வைத்துக் கொடுத்தாள். வாசலைத் தாண்டப் போனேன்.

"நில்லுங்க மாலமா!"

திரும்பினேன். மனசு மாறிவிட்டாள் என்றே நினைத்தேன்.

"கால் இழுக்கறதை எடுத்துடாதீங்க. அது நல்லா வந்திருக்கு. மச்சம் மட்டும் வேண்டாம்."

வாடகை மோட்டார்சைக்கிளின் பின்னால் உட்கார்ந்தபடி மூன்று இடத்தில் மச்சத்தை அடித்து நீக்கினேன். அச்சகக்காரர் ஒரு கதவை ஏற்கனவே மூடியிருந்தார். நோட்டை முகர்ந்து பார்த்தார். "இது கதையா பலகாரமா?" என்றார். ஆனால் வாங்கிக்கொண்டார்.

சிறந்த புத்தகம் என்று இப்போதும் சொல்லமாட்டேன். நடுவில் வரும் பறக்கும் குதிரைக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் தன் கையால் தண்ணீர் மொண்டு கொடுத்துத் தன் கதவை இழக்கிற அந்த அரசியை நான் இன்னும் மறக்கவில்லை.

புத்தகம் வந்த பிறகு, கார்பாவுக்குச் சௌதே அந்தக் கடைசிப் பக்கத்தைப் படித்துக் காட்டினாளாம். பக்கத்தில் இருந்த அசாபேதான் சொன்னாள். கேட்டுவிட்டு அவர், "ஏன் அரசன் வரவே இல்லை?" என்றாராம்.

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"எண்ணெய் காஞ்சுடுச்சுன்னு எழுந்து வந்துட்டேன்" என்றாள்.