கக்கூஸின் பூட்டன்

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுக வாசலில் ஒரு டீக்கடை. அவசரமாகக் கழிவறைச் சாவி கேட்கிறேன்; எனக்குப் பின்னால் ஒரு லாரிக்காரரும் அதற்கே காத்து நிற்கிறார். யாரும் பையில் போட்டுக்கொண்டு போய்விடாதபடி அதைப் பெரிய சங்கு ஒன்றில் கட்டி வைத்திருக்கிறார் கடைக்கார அண்ணாச்சி.

"கக்கூஸுக்கா? இந்தாங்க," என்று சங்கை மேசைமேல் வைக்கிறார்.

சொல்லாராய்ச்சி செய்கிறவனுக்கு வாய் சும்மா இருக்குமா? கக்கூஸ் டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல், அதில் 'ஊஸ்' என்றால் வீடு, ஆங்கில ஹவுஸுக்குச் சொந்தம், இரண்டுக்கும் பூட்டன் 'ஹூசன்' என்கிற ஆதிச்சொல் என்று அளக்கிறேன்.

"அந்தப் பூட்டன யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல அண்ணாச்சி. எங்கயும் எழுதியும் வைக்கல. பேரன்மார் சாயல வெச்சு ஊகிச்சதுதான்."

திரும்பினால் மேசையில் சங்கு இல்லை.

அண்ணாச்சி டீயை ஆற்றுகிறார். "யாரும் பாக்காத பூட்டனப் புடிச்சிட்டீய. கண்ணு முன்னால இருந்த சாவிய லாரிக்காரன் கொண்டு போயிட்டாம்லா!"